சுவரில் மண்கோடு: கறையான் வந்த வீட்டில் எதை முதலில் பார்ப்பது

திருகோணமலைப் பாலையூற்றில் என் பெரியம்மாவின் வீடு ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கனடாவில், சாவி என்னிடம். வருடத்துக்கு இரண்டு தடவை போய்க் கதவைத் திறந்து, முற்றம் கூட்டிவிட்டு வருவேன். ஒரு மார்கழியில் போனபோது முன்னறைச் சுவரில், யன்னல் நிலைக்குக் கீழே, பென்சில் தடிப்பில் ஒரு மண்கோடு நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். ஆனியில் திரும்பப் போய் யன்னலைத் திறக்கக் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். கொக்கி மரத்துண்டோடு கையில் வந்தது. நிலையின் பெயின்ற் மட்டும் தோல்போல நின்றது. மரம் இருந்த இடத்தில் ஈரமண்ணும், ஊறிய அட்டை மாதிரி ஒரு பழுப்புப் பொருளும்.

நிலையை மாற்ற வந்த தச்சு வேலைக்கார ஐயா அடுத்த அறையில் இன்னொரு கோட்டைக் கண்டார். நான் துணியை எடுத்தேன். "தம்பி, துடையாதேங்கோ. முதல்ல அது எங்கேயிருந்து ஏறுதெண்டு பாப்பம்" என்றார். கோட்டைப் பிடித்துக்கொண்டே கீழே போனோம். அது தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வெடிப்புக்குள் போய் முடிந்தது. வெளியே போய்ப் பார்த்தால், அதே இடத்துக்கு நேரே குளியலறைக் குழாய் கசிந்து மண் எப்போதும் ஈரமாக இருந்தது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. ஆனால் தாங்கியிலிருந்து வரும் குழாயை யாரும் பூட்டவுமில்லை.

அன்றிலிருந்து சொந்தக்காரர், அயலவர் வீடுகளில் கறையான் என்றால் நானும் போய்ப் பார்க்கிறேன். திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: எல்லோரும் கறையானைச் சுவரில் தேடுகிறார்கள். அது இருப்பது மண்ணில்.

இதை எறும்பு வகை என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் இது கரப்பான் பூச்சியின் நெருங்கிய உறவு. மரத்தை அரிக்கும் வேலைக்காரக் கறையானுக்குக் கண் தெரியாது. தோல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்து மூடிய பாதை கட்டிக்கொண்டு நடக்கிறது. சுவரில் நாம் காணும் கோடு அந்தப் பாதை. அதற்குள்ளே ஈரம் இருக்கும், இருட்டு இருக்கும், போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கும். கூடு ஐம்பது மீற்றருக்கு அப்பால், பக்கத்து வளவிலும் இருக்கலாம்.

சுவரில் மண்கோடு தெரிகிறது

துடைக்க வேண்டாம், எதையும் அடிக்கவும் வேண்டாம். போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு கோட்டின் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு மட்டும் உடைத்து, பக்கத்தில் பென்சிலால் திகதியை எழுதுங்கள். உடைத்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பூச்சிகள் சிதறினால் பாதை உயிரோடு இருக்கிறது. ஒன்றும் வராவிட்டாலும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். உடைத்த இடம் புது ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் ஆள் உள்ளேதான். அடைபடவில்லை என்றால் அந்தப் பாதையைக் கைவிட்டிருக்கலாம். வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, வேறு பாதையைத் தேடுங்கள்.

உடைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தலை பெரிதாக, மஞ்சள் கலந்த பழுப்பில் சில பூச்சிகள் முன்னுக்கு வரும். அவை காவல்காரர்கள். ஒன்றை ஈர்க்கு நுனியால் சீண்டிப் பாருங்கள். நெற்றியில் வெள்ளையாகப் பால்போல ஒரு துளி வந்தால் அது கொப்டோடேர்மஸ் இனம். உயிருள்ள மரத்தின் நடுவிலும், கசிவு இருந்தால் சுவருக்குள்ளேயும் அட்டைக்கூடு கட்டக்கூடியது. வீட்டு மரத்துக்கு மிக மோசமான எதிரி இதுதான். பால் வராமல், கடிக்க மட்டும் வந்தால், வெளியே வேலிக்கட்டையிலும் மரப்பட்டையிலும் மண்ணைத் தகடுபோல அப்பியிருந்தால், பெரும்பாலும் புற்றுக் கட்டும் ஒடொன்டோடேர்மஸ் இனம். இந்த வேறுபாடு பின்னால் மருந்தைத் தெரிவுசெய்யும்போது உதவும்.

பிறகு கோட்டைப் பின்தொடருங்கள். கறையான் நுழைய ஒரு மில்லிமீற்றர் வெடிப்பே தாராளம். நம் ஊர் வீடுகளில் நான் முதலில் பார்க்கும் இடங்கள்: குளியலறைக் குழாய் தரையைத் துளைத்து வரும் இடம், ஏசித் தண்ணீர் சொட்டும் மூலை, சுவரோடு சேர்த்துப் பூக்கன்று வைத்த இடம், வாசல் படிக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வீட்டோடு பத்தி (சாய்ப்பு) இறக்கிய இடம். பிள்ளைகள் வளர்ந்ததும் குசினிக்குப் பின்னால் ஒரு பத்தி, முன்னால் ஒரு விறாந்தை என்று கூட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பழைய அத்திவாரமும் புது அத்திவாரமும் ஒட்டுவதே இல்லை. அந்த இடைவெளி தரைக்குக் கீழிருந்து கூரை வரைக்கும் நேர்ப்பாதை. மேலே பூச்சு நன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

நுழைவிடம் கிடைத்தபின் செய்யவேண்டிய முதல் வேலை கசிவை நிறுத்துவது. மருந்து அதற்குப் பிறகு.

மழை விட்ட மாலையில் வீட்டுக்குள் ஈசல்

கச்சான் காற்று காய்ச்சி எடுத்த மண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை இறங்கும். மழை விட்ட அந்திக்கு லைற்றைச் சுற்றி ஈசல், அதாவது செட்டை முளைத்த கறையான். வெளியே இருந்து வெளிச்சத்துக்கு வந்ததென்றால் பயப்பட ஒன்றுமில்லை. முன் லைற்றை அணைத்துவிட்டு யன்னலைச் சாத்தினால் போதும். சுவர் வெடிப்பிலிருந்தோ, கதவு நிலையின் அடியிலிருந்தோ, தரை டைல்ஸ் இடுக்கிலிருந்தோ புறப்பட்டால் கதை வேறு. ஒரு கூடு ஈசல் விட முதிர்வதற்குச் சில வருடங்கள் ஆகும். அப்படியானால் அது உங்கள் வீட்டில் குடியிருப்பது நேற்று இன்றல்ல. புறப்பட்ட துளையை உடனே ஒரு துண்டு ரேப்பால் அடையாளம் செய்யுங்கள். காலையில் செட்டைகள் மட்டும் கிடக்கும், துளை தெரியாமல் போய்விடும்.

செட்டை முளைத்த எறும்பும் மழைக்கு வரும். ஈசலின் நான்கு செட்டையும் ஒரே நீளம், இடுப்பு தடித்து நேராக இருக்கும், உணர்கொம்பு மணி கோத்தாற்போல நேர். எறும்புக்கு முன்செட்டை நீளம், இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும்.

நிலையைத் தட்டினால் பொக்கென்று கேட்கிறது

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கதவு நிலைகளைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் கணீர் என்னும். அரித்த மரம் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினது மாதிரி. பெயின்ற் கொப்புளமாக எழுந்திருந்தாலோ, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு திடீரென இறுகினாலோ அதுவும் அறிகுறிதான். கறையான் கொண்டுவந்த ஈரத்தில் மரம் ஊதுகிறது. கூர்முனையால் மெல்லக் குத்தினால், உள்ளே மரத்தின் ரேகையோடு ரேகையாக மென்மையான பாகத்தைத் தின்றுவிட்டு, கடினமான பாகத்தை ஏடு ஏடாக விட்டிருப்பது தெரியும். இடையில் மண் இருக்கும்.

உடனே நிலையைக் கழற்றிப் புதிது போட அவசரப்படாதீர்கள். மண்ணோடு உள்ள தொடர்பை அறுக்காமல் புதிய நிலை வைத்தால் அது அடுத்த சாப்பாடு. என் பெரியம்மா வீட்டில் நான் இதைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். முதல் மாற்றிய யன்னல் நிலை இரண்டு மாரி தாண்டவில்லை.

மரத்தைத் தெரிவுசெய்யும்போது பெயரை மட்டும் கேட்காதீர்கள். பாலை, முதிரை, வயது முதிர்ந்த பனை, தேக்கு எல்லாம் தாக்குப்பிடிக்கும் என்பது சரி. உலக மரச் சந்தையில் திருகோணமலையின் பெயராலேயே அறியப்படும் சவண்டலையும் உறுதியானதுதான். ஆனால் தாக்குப்பிடிப்பது வைரம், அதாவது நடுவிலுள்ள முற்றிய பாகம். அதே மரத்தின் வெளிறை, அதாவது வெளிப்பக்க இளம் பாகத்தை, எந்தக் கறையானும் தின்னும். வாங்கும் பலகையின் ஓரத்தில் வெளிர் நிறப் பட்டை ஓடினால், அந்தப் பக்கத்தைச் சீவிவிடச் சொல்லுங்கள், அல்லது போரிக் உப்புக் கரைசலை நன்றாக ஊறவிட்டுக் காயவைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

தரையில் தூள் கொட்டிக் கிடக்கிறது, மண்கோடு இல்லை

இது மண் கறையான் இல்லை. மாவுபோல நைசான தூளும் மரத்தில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகளும் இருந்தால் உளு வண்டு. மூங்கிலிலும் ரப்பர் பலகைத் தளபாடத்திலும் அதிகம். கசகசா மாதிரி தனித்தனி மணிகளாக, கையில் உருட்டினால் கரகரவென்று இருந்தால், அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். அதற்கு மண் வேண்டாம், வெளி ஈரம் வேண்டாம். அது இருக்கும் தளபாடத்தை மட்டும் கவனித்தால் போதும். இதற்குப்போய்த் தரை முழுக்கத் துளையிட்டு மருந்து இறக்கிக் காசைக் கொட்டிய வீடு எனக்குத் தெரியும். விரல் நுழையும் வட்டத் துளை கைமரத்தில் இருந்தால் கருவண்டு. துளையை அடைத்துப் பெயின்ற் அடித்துவிடுங்கள்.

கூரையில் அரிப்பு, கீழே சுவரில் ஒன்றுமே இல்லை

இந்த ஒன்றுதான் ஆட்களை மிகவும் குழப்பும். ஏணி வைத்து ஏறுங்கள், பகலிலும் ரோச்லைற் கொண்டுபோங்கள். மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நான் சொன்ன பத்தி இடைவெளி வழியாகச் சுவருக்குள்ளே ஏறியது. இரண்டாவது, கூரையில் சாய்ந்த மரம். மாங்கிளையோ வேப்பங்கிளையோ ஓட்டில் தொட்டுக்கொண்டு நின்றால் அது பாலம். மூன்றாவது, ஓடு விலகியோ பீலி அடைபட்டோ வளைமரமும் சுவர்த்தலையும் வருடக்கணக்கில் நனைந்துகொண்டிருப்பது. மேலே நிரந்தர ஈரம் கிடைத்தால் கொப்டோடேர்மஸ் தரைக்குத் திரும்பாமலே மேலேயே குடித்தனம் நடத்தும். அப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தரையில் எவ்வளவு மருந்து இறக்கினாலும் படாது. கசிவை அடைத்து, கூட்டை எடுத்து, நனைந்த மரத்தை மாற்றினால்தான் முடியும்.

அலுமாரிக்குள் புத்தகமும் காணி உறுதியும்

கடதாசியும் மரமும் கறையானுக்கு ஒன்றுதான், இரண்டும் செலுலோஸ். ஈரச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்பலகையைத் துளைத்து நேரே உள்ளே வரும். பெரியம்மாவின் அலுமாரியில் அடித்தட்டில் இருந்த கல்யாண அல்பத்தை நான் தூக்கியபோது, மட்டை முழுசாக இருந்தது, பாரம் இல்லை. திறந்தால் நடுவில் கிண்ணம்போல ஒரு குழி. சுற்றிவர முகங்கள் இல்லாத பட்டுச்சேலை ஓரங்கள். இடப்பெயர்வில் தலையில் சுமந்து காப்பாற்றிய அல்பம் அது.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காணி உறுதி, பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை இறுக்கமான தகரப்பெட்டியிலோ தடித்த பிளாஸ்ரிக் பெட்டியிலோ போட்டு மேல்தட்டில் வையுங்கள். ஏற்கனவே அரித்துவிட்டதென்றால் மிச்சத்தை எறியாதீர்கள். உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ திகதியோ ஒரு துண்டில் வாசிக்க முடிந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி தேடுவது மிகவும் சுலபமாகும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகலாம்.

மருந்து அடித்தும் திரும்ப வந்துவிட்டது

எதை அடித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. மண்ணெண்ணெய், கழிவொயில், கரப்பான் ஸ்பிறே: இவை பட்ட பூச்சியை மட்டும் கொல்லும். மண்ணெண்ணெய் ஊறிய நிலைக்குப் பக்கத்தில் விளக்கு வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். ஸ்பிறேயால் இன்னொரு கெடுதலும் உண்டு. மணம் பட்டதும் கறையான் அந்தப் பாதையை உள்ளேயிருந்து அடைத்துவிட்டுச் சுற்றுவழி எடுக்கும். நீங்கள் வென்றுவிட்டதாக நினைப்பீர்கள். அது அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

முறையான மருந்துகளிலும் இரண்டு வகை உண்டு. பைஃபென்த்றின் போன்றவை விரட்டும். தடுப்பு முழுமையாக இருந்தால் நல்லது, ஓரிடத்தில் விடுபட்டால் அந்த இடைவெளியைக் கறையான் கண்டுபிடிக்கும். இமிடாக்ளோபிறிட், ஃபிப்ரோனில் போன்றவற்றைக் கறையான் உணராது. அதன் மேல் நடந்து, ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டத்துக்குள் கொண்டுபோகும். ஏற்கனவே ஆட்கள் வாழும், தரை முழுதும் கொங்கிறீட் போட்ட வீட்டில் முழுத் தடுப்புப் போடுவது கடினம் என்பதால், இரண்டாவது வகையே எனக்குச் சரியென்று படுகிறது. சுவரடியில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு துளை இட்டு, மண் வரைக்கும் இறக்கி, பிறகு சீமெந்தால் அடைப்பார்கள். வேலைக்கு வருபவர் சுவரில் மட்டும் தெளித்துவிட்டுப் போனால் நீங்கள் கொடுத்தது பெயின்ற் கூலிதான்.

என் அயலவர் ஒருவர் வீட்டில் ஒரு கொம்பனி சரியாகவே துளையிட்டு மருந்து இறக்கியது. பத்து மாதத்தில் மீண்டும் கோடு. போய்ப் பார்த்தோம். மருந்து இறக்கிய அதே சுவரடியில், பிறகு அவர் மல்லிகைக்குக் குழி வெட்டியிருந்தார். மருந்து கலந்த மண் வெளியே போய்விட்டது, புது மண் உள்ளே வந்துவிட்டது. தினமும் தண்ணீரும் ஊற்றினார்கள்.

பொறி வைக்கும் முறையும் உண்டு. ஹெக்சாஃப்ளுமுறோன் கலந்த மரக்கூழ் தீனியை மண்ணில் பதிப்பார்கள். தின்ற கறையான் தோல் மாற்ற முடியாமல் சாகும், மெதுவாகக் கூட்டமே சுருங்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பால் துளி விடும் இனத்துக்கு இது நன்றாகக் கேட்கும். புற்றுக் கட்டும் இனம், கூட்டுக்குள் தானே பூஞ்சணம் வளர்த்து அதைச் சாப்பிடுவதால், தீனிப் பொறியை அவ்வளவாக மதிக்காது. காவல்காரனைச் சீண்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கிணறு

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல். சில அடியில் நல்ல தண்ணீர். அந்த மணலில் ஊற்றுவது எதுவும் மேலே நிற்காது. இந்த மருந்துகளில் பல மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு. கிணற்றை ஒட்டிய சுவரில் மண்ணுக்குள் மருந்து இறக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பக்கம் பொறி, வெடிப்பு அடைத்தல், கசிவு நிறுத்தல் இவற்றோடு நிற்க வேண்டும். மழை வரும் நாளில் எந்த இடத்திலும் மருந்து வேண்டாம்.

போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இங்கே விற்கும் மருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். லேபிள் இல்லாத கானில் வருவதை வீட்டுக்குள் விடாதீர்கள். "அந்தக் கால ஆல்ட்ரின் அடித்தால் போதும்" என்று யாராவது சொன்னால், ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் நான்கும் 2001இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் சேர்க்கப்பட்டவை என்று சொல்லுங்கள். வருடக்கணக்கில் அழியாமல் மண்ணிலும் தாய்ப்பாலிலும் தங்குபவை அவை.

வளவில் புற்று நிற்கிறது

வேம்படியில் புற்று, அதற்கு மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை பால் வைத்து நாகதம்பிரானாகக் கும்பிடும் வீடுகள் இங்கே ஏராளம். அதை இடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். மேலே இடிப்பதால் உள்ளே ஆழத்தில் இருக்கும் அரசிக்கு ஒன்றும் ஆகாது, திரும்பக் கட்டிவிடும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்ற பழமொழி வெறும் பேச்சும் இல்லை, புற்றுக்குள் கையை விடுவது ஆபத்து. புற்றுக் கறையான் சருகையும் செத்த பட்டையையும் தின்று மண்ணைக் கிளறிவிடுகிறது. மழைக்குப் பின் வரும் புற்றுக்காளான் அதன் பூஞ்சணத் தோட்டத்திலிருந்துதான் முளைக்கிறது. புற்றை அதன் இடத்தில் விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி மட்டும் காவல் போடுங்கள். சுவரிலிருந்து இரண்டடிக்கு விறகு, கிடுகு, பழைய பலகை, சருகு எதுவும் வேண்டாம். அத்திவாரத்தில் அரையடியாவது வெறுமையாகக் கண்ணுக்குத் தெரியட்டும். கோடு ஏறினால் அங்கே மறைக்க முடியாது.

கட்டப்போகிறவர்களுக்கும் சாவி வைத்திருப்பவர்களுக்கும்

அத்திவாரம் மூடுமுன் மேசனோடு நின்று ஒரு தரம் குழியைப் பாருங்கள். கொங்கிறீட்டுக்கு அடித்த பலகைத் துண்டு, மரவேர், சீமெந்துப் பை எதுவும் உள்ளே புதைபடக் கூடாது. அவையே முதல் விருந்து. மண்ணுக்கு மருந்து போடுவதென்றால் தரை போடுமுன் போடுவதே மலிவு, பலமும் அதிகம். மரத்தூண் வைக்க விரும்பினால் அடியில் ஒரு சீமெந்துக் குத்தி கட்டி, அதன்மேல் நிறுத்துங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டைப் பார்க்கிறவர்கள் முற்றம் கூட்டுவதோடு நிற்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம், தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒரு தரம் போங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயை முதலில் பூட்டுங்கள். பீலியைத் துப்புரவாக்குங்கள். எல்லா யன்னலையும் திறந்து ஒரு நாள் முழுக்கக் காற்று விடுங்கள். அலுமாரிகளை இழுத்துப் பின்னால் பாருங்கள். நிலைகளைத் தட்டுங்கள். கோடு கண்டால், துணியைத் தொடாமல், படத்தை எடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்புங்கள்.